காலாவதி நெருங்கும் ஆப்ஷன்: கட்டணத்தைவிடத் தரகரின் விதிகளே முக்கியம்

ஈப்போ: முன்பு பங்கு வாங்க வேண்டுமென்றால் ஈப்போ நகரில் உள்ள தரகு நிறுவனத்தின் கூடத்துக்குப் போய், விலைப் பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். இன்று சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ வீட்டில் இருந்தபடியே, கைப்பேசிச் செயலி வழியாக அமெரிக்கப் பங்குகளைக்கூட வாங்கலாம். பங்கோடு சேர்ந்து அதே திரையில் ‘ஆப்ஷன்’ என்ற பொத்தானும் இருக்கிறது. 50 டாலர், 100 டாலர் இருந்தால் போதும் என்பதால் அதை அழுத்திப் பார்க்கத் தூண்டுகிறது.

எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் ஒப்பிடுகிறார்கள். எங்கே கட்டணம் குறைவு என்பதே அது. பங்கை வாங்கிப் பல ஆண்டு வைத்திருப்பவருக்கு அது சரியான கேள்விதான். ஆனால், காலாவதிக்கு ஒரு வாரமோ ஒரு நாளோ மட்டுமே உள்ள ஆப்ஷனை வாங்குபவருக்கு அந்தக் கேள்வி போதாது. கடைசி நேரத்தில் தரகர் என்ன செய்வார், எந்த மணிக்குச் செய்வார், வாடிக்கையாளரைக் கேட்டுச் செய்வாரா, கேட்காமலே செய்வாரா என்பவைதான் லாப நட்டத்தை முடிவு செய்கின்றன. இவை எல்லாம் கணக்குத் திறக்கும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படிப்பவர்கள் குறைவு.

ஆப்ஷன் என்பது என்ன?

வீடு வாங்குவதை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். 300,000 வெள்ளி வீட்டுக்கு 2,000 வெள்ளி முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் அதே விலைக்கு வாங்கும் உரிமையை ஒருவர் எழுதி வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வீட்டின் விலை 320,000 ஆனால் அந்த உரிமைக்கு மதிப்புக் கூடுகிறது. விலை 280,000 ஆகக் குறைந்தால் அவர் வாங்காமல் விட்டுவிடலாம். போவது 2,000 வெள்ளி மட்டுமே.

பங்கு ஆப்ஷனும் இப்படித்தான். குறிப்பிட்ட பங்கை, குறிப்பிட்ட விலைக்கு, குறிப்பிட்ட நாளுக்குள் வாங்கும் உரிமை ‘கால் ஆப்ஷன்’. விற்கும் உரிமை ‘புட் ஆப்ஷன்’. கொடுக்கும் முன்பணம் ‘பிரீமியம்’. பேசி வைத்த விலை உடன்பாட்டு விலை. உரிமை முடியும் நாள் காலாவதி நாள். அமெரிக்கச் சந்தையில் ஒரு ஆப்ஷன் ஒப்பந்தம் பொதுவாக 100 பங்குகளுக்கானது. திரையில் 0.60 டாலர் என்று விலை காட்டினால் கட்ட வேண்டியது 60 டாலர்.

இந்த உரிமையை வாங்குபவருக்கு எதிரே அதை விற்பவர் ஒருவர் இருக்கிறார். வாங்கியவருக்கு உரிமை மட்டும் உண்டு, கட்டாயம் இல்லை. விற்றவருக்கோ கட்டாயம் உண்டு. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

உறையும் பால் போன்றது

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் காலாவதியை விளக்குவது எளிது. விடியற்காலையில் மரம் வெட்டிச் சேர்த்த பால் உரிய நேரத்தில் நிறுவைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் உறைந்து கட்டிப்பாலாகிவிடும். அதன் பிறகு பாலுக்குரிய விலை கிடைக்காது. ஆப்ஷனிலும் நேரம் போகப் போக மதிப்புக் கரைகிறது. பங்கின் விலை ஒரு காசுகூட இறங்காமல் இருந்தாலும் இது நடக்கும்.

இந்தக் கரைதல் ஒரே சீராக நடப்பதில்லை. பங்கின் விலையும் உடன்பாட்டு விலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் ஆப்ஷனுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மற்றவை மாறாமல் இருந்தால், அதன் மதிப்பு மீதமுள்ள நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். 16 நாள் மீதமிருக்கும்போது 2 டாலர் விலையுள்ள ஆப்ஷன், 4 நாள் மீதமிருக்கும்போது ஏறத்தாழ 1 டாலருக்கு வந்துவிடும். கடைசி ஒரு நாளில் அது 50 காசு. முதல் 12 நாளில் போன அளவில் பாதி, அடுத்த 3 நாளிலேயே போய்விடுகிறது. எஞ்சிய 50 காசும் அந்தக் கடைசி நாளில் கரைகிறது.

காலாவதி நெருங்கிய ஆப்ஷன்கள் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மலிவாக இருப்பதால் வாங்குகிறார்கள். ஆனால் பங்கு எந்தத் திசையில் போகும் என்பதைச் சரியாகக் கணித்தால் மட்டும் போதாது. எந்த நாளுக்குள் போகும் என்பதையும் சரியாகக் கணிக்க வேண்டும்.

புர்சாவில் இருப்பது வாரண்ட்

புர்சா மலேசியாவில் பங்குச் சந்தைக் குறியீடு, செம்பனை எண்ணெய் ஆகியவற்றின் எதிர்கால ஒப்பந்தங்களுக்கு ஆப்ஷன்கள் உண்டு. தனித்தனி நிறுவனப் பங்குகளைப் பொறுத்தவரை, சாதாரண முதலீட்டாளர்கள் ஆப்ஷனுக்குப் பதிலாகக் கையாளுவது வாரண்ட். வாரண்டிலும் இரு வகை உண்டு. காலாவதி நேரத்தில் இரண்டும் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும். இதை அறியாமல் பணத்தை விட்டவர்கள் உண்டு.

முதல் வகை, வங்கிகளும் தரகு நிறுவனங்களும் வெளியிடும் கட்டமைப்பு வாரண்ட். பெயரின் இறுதியில் கால் வாரண்டுக்கு ‘சி’ என்ற எழுத்தும், புட் வாரண்டுக்கு ‘எச்’ என்ற எழுத்தும் வரும். காலாவதியில் மதிப்பு இருந்தால் பணம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. கணக்கிடும் விலை, கடைசி நாளின் ஒரே விலை அல்ல. உள்ளூர்ப் பங்குகளுக்குப் பொதுவாகக் காலாவதிக்கு முந்தைய 5 வர்த்தக நாட்களின் சராசரி விலையை எடுப்பார்கள். சராசரி 10.60 வெள்ளி, உடன்பாட்டு விலை 10.00 வெள்ளி, 20 வாரண்டுக்கு ஒரு பங்கு என்ற விகிதம் என்றால், 60 காசை 20-ஆல் வகுக்க வேண்டும். ஒரு வாரண்டுக்கு 3 காசு கிடைக்கும். கடைசி நாளில் பங்கு திடீரென ஏறினாலும் அந்த ஏற்றம் முழுவதும் கைக்கு வராது.

இரண்டாவது வகை, நிறுவனமே வெளியிடும் வாரண்ட். பெயரின் இறுதியில் ‘டபிள்யூ’ என்ற எழுத்து வரும். உரிமைப் பங்கு வெளியீட்டின்போது இலவசமாகக் கிடைத்த வாரண்டுகள் பெரும்பாலும் இவைதான். இதில் எதுவும் தானாக நடக்காது. வைத்திருப்பவர் படிவத்தை நிரப்பி, உடன்பாட்டு விலைக்குரிய பணத்தையும் கட்டி, பங்குப் பதிவாளரிடம் உரிய நாளுக்குள் சேர்ப்பித்தால்தான் பங்கு கிடைக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அது வெறும் காகிதம்.

இந்த வகை வாரண்டின் வர்த்தகம், காலாவதிக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தப்படுவது வழக்கம். கடைசி நாளில் விற்றுவிடலாம் என்று காத்திருப்பவர், விற்க வழியில்லாமல் நிற்பார். அப்போது அவருக்கு மீதியிருப்பது இரண்டே வழிகள். பணம் கட்டிப் பங்காக மாற்றலாம், அல்லது விட்டுவிடலாம்.

தோட்டத்திலிருந்து நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலாவதி அறிவிப்பு, சி.டி.எஸ். கணக்கில் பதிவாகியுள்ள முகவரிக்குத்தான் போகும். தோட்டம் செம்பனையாக மாறி, பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பம் வீடமைப்புப் பகுதிக்கு வந்து ஆண்டுகள் ஆகியிருக்கலாம். முகவரியை மாற்றாவிட்டால் கடிதம் இன்னமும் அந்தத் தோட்டத்துக்கே போகும். அப்பா பெயரில் உள்ள பழைய சி.டி.எஸ். கணக்குகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

தரகரின் பங்கு இங்கேதான் வருகிறது. கணக்கு நேரடியாக வாடிக்கையாளர் பெயரில் உள்ளதா, தரகரின் நாமினி நிறுவனத்தின் பெயரில் உள்ளதா என்று கேட்க வேண்டும். நாமினி கணக்கு என்றால் அறிவிப்பு அந்த நிறுவனத்துக்குத்தான் போகும். அவர்கள் அதை வாடிக்கையாளருக்கு எப்படித் தெரிவிக்கிறார்கள், விண்ணப்பிக்க அவர்கள் வைத்திருக்கும் கடைசி நாள் எது என்பது முக்கியம். அந்த நாள், பதிவாளரின் கடைசி நாளுக்கு முன்னதாகவே இருக்கும். கட்டணம் குறைந்த கணக்குகளில் பல, நாமினி கணக்குகளே.

சனிக்கிழமை விடியற்காலை 4 மணி

அமெரிக்க ஆப்ஷன்களில் சிக்கல் வேறு விதமானது. அங்கே தனிப் பங்குகளுக்கான ஆப்ஷன்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் காலாவதியாகின்றன. மாத ஒப்பந்தங்களுக்கு அது மூன்றாவது வெள்ளி. நியூயார்க்கில் மாலை 4 மணிக்குச் சந்தை மூடும்போது மலேசியாவில் சனிக்கிழமை விடியற்காலை 4 மணி. அங்கே குளிர்காலமானால் 5 மணி. அதாவது, முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் பேராவில் இருப்பவர் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார், அல்லது இரவு வேலையில் இருப்பார்.

அவர் தூங்கினாலும் விதிகள் தூங்குவதில்லை. அமெரிக்காவில் பங்கு ஆப்ஷன்களுக்குத் தீர்வகமாக இருப்பது ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன். காலாவதியில் ஒரு ஆப்ஷன் ஒரு காசு அளவுக்கு மதிப்புடன் இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லப்படாவிட்டால், அது தானாகவே செயல்படுத்தப்படும். இது வாங்கியவரைக் காப்பாற்ற வந்த விதி. ஆனால் செயல்படுத்தப்பட்டால் 100 பங்குகளுக்கான முழுப் பணமும் வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். கணக்கில் 500 டாலர் வைத்திருக்கும் ஒருவர், 49 டாலர் உடன்பாட்டு விலையுள்ள கால் ஆப்ஷனை 60 டாலருக்கு வாங்குகிறார். ஒரு டாலர் 4 வெள்ளி 20 காசு என்று வைத்தால் அது 252 வெள்ளி. வெள்ளிக்கிழமை பங்கு 50 டாலரில் முடிகிறது. அவருடைய ஆப்ஷனின் மதிப்பு 100 டாலர். விற்றிருந்தால் 40 டாலர் லாபம். விற்காமல் தூங்கிவிட்டார். இப்போது ஆப்ஷன் செயல்பட வேண்டுமென்றால் 4,900 டாலர், அதாவது 20,580 வெள்ளி வேண்டும். அது அவரிடம் இல்லை.

இந்த இடத்தில் ஒவ்வொரு தரகரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வார். ஒருவர், சந்தை மூடுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பே அந்த ஆப்ஷனை அப்போதைய சந்தை விலைக்கு விற்றுவிடுவார். கிடைக்கும் விலை மோசமாக இருக்கலாம். அதற்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். இன்னொருவர், செயல்படுத்த வேண்டாம் என்று தீர்வகத்துக்குச் சொல்லிவிடுவார். 100 டாலர் மதிப்பு வீணாகும். மற்றொருவர், பங்குகளை வாங்கவிட்டு, திங்கட்கிழமை சந்தை திறந்ததும் கட்டாயமாக விற்பார். இடையில் சனி, ஞாயிறு இரண்டு நாள். மோசமான செய்தி ஏதேனும் வந்து பங்கு திங்கட்கிழமை 46 டாலரில் திறந்தால், பங்கில் 300 டாலர் நட்டம். பிரீமியம் 60 டாலரையும் சேர்த்தால் 360 டாலர், அதாவது 1,512 வெள்ளி.

ஆப்ஷன் வாங்குபவருக்குப் போவது பிரீமியம் மட்டுமே என்று எல்லா விளக்கத்திலும் சொல்லப்படுகிறது. காலாவதிக்கு முன் விற்றுவிட்டால், அல்லது மதிப்பில்லாமல் முடிந்தால் அது உண்மை. செயல்படுத்தப்பட்டுப் பங்காக மாறிவிட்டால் அந்த வரம்பு போய்விடுகிறது. எனவே, ஒரே ஆப்ஷனை ஒரே விலைக்கு வாங்கிய மூவர், மூன்று தரகர்களிடம் மூன்று வெவ்வேறு முடிவுகளைக் காணலாம்.

இரண்டு கால் உள்ள ஒப்பந்தம்

ஓர் ஆப்ஷனை வாங்கி, இன்னொன்றை விற்று, நட்டத்துக்கு எல்லை கட்டும் முறையை ‘ஸ்பிரெட்’ என்கிறார்கள். இணையக் காணொளிகளில் இது பாதுகாப்பான முறை என்று சொல்லித் தரப்படுகிறது. நடுவழியில் அது பாதுகாப்பானதுதான். காலாவதியில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் முடியாமல் போனால் சிக்கல்.

50 டாலர் கால் ஆப்ஷனை வாங்கி, 55 டாலர் கால் ஆப்ஷனை விற்று, நிகரமாக 150 டாலர் கட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச நட்டம் 150 டாலர் என்று திரை காட்டும். பங்கு 54.80 டாலரில் முடிகிறது. வாங்கிய ஆப்ஷன் செயல்பட்டு 100 பங்கு அவர் கையில் வருகிறது. விற்ற ஆப்ஷன் மதிப்பின்றி மறைகிறது. திங்கட்கிழமை பங்கு 47 டாலருக்கு விழுந்தால், 300 டாலரும் 150 டாலரும் சேர்ந்து 450 டாலர் போய்விடும். திரையில் இருந்த எல்லையைப் போல் மூன்று மடங்கு.

அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை வாங்கியவர், காலாவதிக்கு முன் எந்த நாளிலும் செயல்படுத்தலாம். ஆகவே விற்ற கால் மட்டும் முன்னதாகவே செயல்படுத்தப்பட்டு, கணக்கில் பெரிய கடன் எண் தோன்றலாம். அதைச் சரிக்கட்டும் மற்றொரு கால் கணக்கில் சேர ஒரு நாள் பிடிக்கலாம். அதுவரை திரையில் இருப்பது உண்மையான கடன் அல்ல. ஆனால் பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டுமே!

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில், ராபின்ஹூட் செயலியைப் பயன்படுத்திய 20 வயது மாணவர் ஒருவர், தமது கணக்கில் ஏறத்தாழ 730,000 டாலர் கடன் இருப்பதாகக் கண்டார். ஸ்பிரெட்டின் ஒரு பகுதி மட்டும் கணக்கில் ஏறியதால் வந்த எண் அது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். உரிய நேரத்தில் விளக்கம் சொல்ல யாரும் இல்லை. அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு ஜூனில், அமெரிக்கத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா, தவறான இருப்புத் தகவல் காட்டியது, தகுதியைச் சரிவரப் பார்க்காமல் ஆப்ஷன் கணக்குகளுக்கு அனுமதி தந்தது உள்ளிட்ட குறைகளுக்காக அந்நிறுவனத்துக்கு 57 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 70 மில்லியன் டாலர்.

அந்தச் செயலி கட்டணம் இல்லாதது என்பதற்காகவே புகழ்பெற்றது. கட்டணம் இல்லை. ஆனால், அந்த இரவில் தொலைபேசியை எடுக்கவும் ஆள் இல்லை.

இந்தியா காட்டும் கணக்கு

பணத்தை எத்தனை பேர் இழக்கிறார்கள் என்பதற்கு மிகப் பெரிய கணக்கு இந்தியாவில் இருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் ஆகியவற்றில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கட்டணங்கள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 விழுக்காட்டினர் மட்டுமே.

அதன் பிறகு செபி, காலாவதி நாளையே குறிவைத்து விதிகளை இறுக்கியது. 2024 நவம்பர் முதல், ஒவ்வொரு சந்தையிலும் ஒரே ஒரு குறியீட்டுக்கு மட்டுமே வாராந்தர காலாவதி அனுமதிக்கப்படுகிறது. காலாவதி நாளில் ஆப்ஷனை விற்று வைத்திருப்பவர் கூடுதலாக 2 விழுக்காடு மார்ஜின் கட்ட வேண்டும். 2025 ஜூலையில், ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனம் காலாவதி நாட்களில் குறியீட்டின் போக்கைத் திருப்பியதாகக் குற்றம் சாட்டி, 4,843 கோடி ரூபாயை முடக்க இடைக்கால ஆணையிட்டது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. எப்படி இருந்தாலும், காலாவதி நாளில் சிறு முதலீட்டாளருக்கு எதிரே அமர்ந்திருப்பவர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்பதை இது காட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கட்டணம்

கட்டணத்தைப் பார்க்கவே வேண்டாம் என்பதல்ல. சரியான இடத்தில் பார்க்க வேண்டும். காலாவதி நெருங்கிய ஆப்ஷன் மலிவானது என்பதால், நிலையான கட்டணம் அதில் பெரிய பங்கைத் தின்றுவிடும். 15 டாலருக்கு ஆப்ஷன் வாங்கி, வாங்க 2 டாலர், விற்க 2 டாலர் கட்டினால், ஆப்ஷன் விலை 27 விழுக்காடு ஏறிய பிறகுதான் லாபம் தொடங்கும். உள்ளூர் வாரண்டிலும் அப்படியே. குறைந்தபட்சத் தரகு 8 வெள்ளி என்றால், 100 வெள்ளி வாரண்டை வாங்கி விற்க 16 வெள்ளி போகும்.

அதைவிடப் பெரியது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி. திரையில் 0.10-க்கு வாங்குகிறார்கள், 0.20-க்கு விற்கிறார்கள் என்றால், 20 டாலர் கொடுத்து வாங்கிய ஆப்ஷனை அடுத்த நொடியே விற்றால் 10 டாலர்தான் கிடைக்கும். காலாவதி நெருங்க நெருங்க, வர்த்தகம் குறைந்த பங்குகளில் இந்த இடைவெளி அகலமாகும். விலை வரம்பு போட்டு ஆணை கொடுக்கச் செயலி அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘சந்தை விலைக்கு’ என்று ஆணை கொடுத்தால், கிடைத்த விலைக்கு வாங்கியதாகிவிடும். வெள்ளியை டாலராக மாற்றும்போது தரகர் எடுத்துக்கொள்ளும் வித்தியாசமும் ஒரு செலவே. அது கட்டணப் பட்டியலில் தெரியாது.

உரிமம் முதலில்

மேலே சொன்னவை எல்லாம் உண்மையான தரகர்களைப் பற்றியவை. தரகரே பொய் என்றால், காலாவதி வரை போகவே வேண்டியதில்லை.

மலேசியாவில் பங்கு, ஆப்ஷன் வர்த்தகச் சேவை தருபவர், எஸ்.சி. என்று அழைக்கப்படும் மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டப்படி, உரிமமின்றி நடத்துவோருக்கு 10 மில்லியன் வெள்ளி வரை அபராதமோ, 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமம் பெற்றவர்களின் பதிவேடும், எச்சரிக்கைப் பட்டியலும் ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ளன. சில உரிமம் பெற்ற மலேசியத் தரகு நிறுவனங்கள் அமெரிக்க ஆப்ஷன்களையும் வழங்குகின்றன. ஆகவே, வாட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும் நற்சான்று ஆகாது. நேற்று முளைத்த மோசடி இன்னும் பட்டியலில் ஏறியிருக்காது. உரிமப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதுதான் சோதனை. உண்மையான நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் திருடிப் போலிச் செயலி நடத்துவோரும் உண்டு. பணத்தைத் தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். லாபத்தை எடுக்க முதலில் ‘வரி’ கட்டு என்று சொன்னாலும் அப்படியே. உண்மையான தரகர் இரண்டையும் கேட்க மாட்டார்.

‘பைனரி ஆப்ஷன்’ என்ற பெயரிலும் ஏமாறக் கூடாது. அது விலை ஏறுமா இறங்குமா என்று சில நிமிடங்களுக்குக் கட்டும் பந்தயம். அதில் பங்கை வாங்கும் உரிமை எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதைச் சாதாரண மக்களுக்கு விற்பதைத் தடை செய்தது.

55 வயதில் ஊழியர் சேம நிதியிலிருந்து மொத்தமாகப் பணம் எடுக்கும் தோட்டத் தொழிலாளர்களை மோசடிக்காரர்கள் எளிதாகக் குறிவைக்க முடியும். சொந்தக்காரரோ கோவில் நண்பரோ சொன்னார் என்பதற்காக அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. சொன்னவரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம்.

கணக்குத் திறக்கும் முன் கேட்க வேண்டியவை

பின்வரும் கேள்விகளை மின்னஞ்சலிலோ செயலியின் உரையாடல் பகுதியிலோ எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வைப்பது நல்லது. பிறகு தகராறு வந்தால் அதுவே சான்று.

1. எஸ்.சி. உரிமத்தில் உள்ள நிறுவனப் பெயர் என்ன? எந்தச் சேவைக்கு அந்த உரிமம்?

2. காலாவதி நாளில் பணம் போதாவிட்டால் ஆப்ஷனை விற்றுவிடுவீர்களா? மலேசிய நேரப்படி எத்தனை மணிக்கு? அதற்குக் கட்டணம் எவ்வளவு?

3. செயல்படுத்த வேண்டாம் என்று நான் சொல்ல விரும்பினால் எப்படிச் சொல்வது? கடைசி நேரம் எது? (நியூயார்க் நேரப்படி மாலை 5.30 என்பது அமெரிக்கச் சந்தைகளின் வரம்பு. தரகரின் வரம்பு அதற்கும் முன்னதாக இருக்கலாம்.)

4. ஸ்பிரெட்டின் ஒரு கால் மட்டும் செயல்பட்டால் திரையில் என்ன தெரியும்? மற்றொரு காலை நீங்களே பயன்படுத்துவீர்களா, நான் கேட்க வேண்டுமா?

5. சனிக்கிழமை விடியற்காலை 3 மணிக்குத் தொலைபேசியில் பேச ஆள் உண்டா? எந்த மொழியில்?

6. என் பங்குகளும் வாரண்டுகளும் என் பெயரில் இருக்குமா, நாமினி பெயரிலா? காலாவதி அறிவிப்பு எனக்கு எப்படி வரும்?

7. ஓர் ஒப்பந்தத்தை வாங்கி விற்க, நாணய மாற்றுச் செலவையும் சேர்த்து, மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஐந்தாவது கேள்வியை எழுதிக் கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு வெள்ளிக்கிழமை இரவில் அந்த எண்ணை அழைத்தே பார்த்துவிடலாம். யாராவது எடுக்கிறார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

தரகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேலைக்குப் போகும் ஒருவருக்கு எளிய பாதுகாப்பு ஒன்று உண்டு. காலாவதி நாள் வரை வைத்திருக்காமல், லாபமோ நட்டமோ, அதற்கு முந்தைய இரவே விற்று முடித்துவிடுவது. அமெரிக்கச் சந்தை மலேசிய நேரப்படி இரவு 9.30-க்கோ, அங்கே குளிர்காலமானால் 10.30-க்கோ திறக்கிறது. வியாழன் இரவு தூங்கப் போகும் முன் செய்துவிடக்கூடிய வேலை இது.

தரகரோடு தகராறு ஏற்பட்டு, அவரிடம் முறையிட்டும் தீராவிட்டால், எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பை நாடலாம். 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இந்த அமைப்பு, உரிமம் பெற்ற நிறுவனங்கள் மீதான தனிநபர் புகார்களைக் கட்டணமின்றி விசாரிக்கிறது. உரிமம் இல்லாதவரிடம் பணம் கொடுத்தவருக்கு இந்த வாசல் திறக்காது. மோசடியில் பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் உடனே தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பண இழப்பால் மன உளைச்சலுக்கு ஆளானவர்களும் அவர்களின் குடும்பத்தாரும், சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண்ணான 15555-ஐ அழைத்துப் பேசலாம். திரையில் தெரியும் கடன் எண் எதுவானாலும், அது உண்மைதானா என்பதை முதலில் மனிதர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.